துணிக்கு அடியில் ஒரு கை

(கல்லூரி ஒன்றின் ஆடை வடிவமைப்புத் துறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எம்பிராய்டரி பற்றிப் பொதுவாகப் பேசும்படி கேட்டிருந்தார்கள். பொதுவாகப் பேச ஆரம்பித்தால் காஷ்மீரில் கிளம்பி லக்னோ, கட்ச், வங்காளம் என்று சுற்றி நம் ஊர் வந்து சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு தையலைப் பற்றிப் பேசுகிறேன். ஆரி ஊசியால் போடுகிற சங்கிலித் தையல். வகுப்பில் செயின் ஸ்டிட்ச் என்றுதான் சொல்கிறோம். வாய்க்கு வந்தபடி இரண்டையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், புடவை எடுத்த கையோடு ஜாக்கெட்டுக்கு ஆள் தேடுகிறார்கள். கழுத்து, முதுகு, கை என்று ஆரி வேலை இல்லாத முகூர்த்த ஜாக்கெட்டைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. புடவை விலையைத் தாண்டிப் போகிற ஜாக்கெட்டும் உண்டு. மணமக்கள் மாலை மாற்றுகிற காட்சியை முதுகில் தைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆனால் தைப்பவருக்குக் கூலி வருகிறதே, அதைக் கெடுப்பானேன்!

இந்தத் தேவையால் தெருவுக்கு ஒரு ஆரி வகுப்பு முளைத்திருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத பல பெண்களுக்குக் கையில் நாலு காசு பார்க்க இது வழி செய்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் வகுப்பு வாசலில் தொங்குகிற பேனரைப் படித்துப் பாருங்கள். பேசிக், அட்வான்ஸ், பிரைடல் என்று பிரித்து, அதற்குள் இத்தனை வகைத் தையல் என்று நீளப் பட்டியல் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது செயின். முதல் நாள் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், மறுநாளே "அடுத்து என்ன மேடம்?" என்கிறார்கள்.

அடுத்ததும் செயின்தான். வளைத்து வளைத்துப் போட்டால் ஜிக்ஜாக் செயின். பக்கம் பக்கமாக வரிசை போட்டு இடத்தை அடைத்தால் ஃபில்லிங். ஊசித்தண்டில் மணிகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக நழுவவிட்டு, கீழிருந்து வரும் கண்ணியை மணியின் துளை வழியே மேலே எடுத்தால் அது மணி வேலை. சமிக்கி தைப்பதும் அதே கணக்கு. அடிப்படை அசைவு ஒன்றே. பட்டியலில் பாதிக்கு மேல் இந்த ஒரு தையலின் பிள்ளைகள். அந்த அசைவை ஒழுங்காகப் பார்த்தோமானால் மற்றதெல்லாம் எளிது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஆரி ஊசி என்பது கைப்பிடியில் பொருத்திய மெல்லிய கம்பி. நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கொக்கி. சாதாரண ஊசிக்கு இருக்கிற காது இதற்குக் கிடையாது. அப்படியானால் நூலை எங்கே கோர்ப்பது? கோர்ப்பதே இல்லை. துணியை ஸ்டாண்டில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறோம். நூல் துணிக்கு அடியில், இடது கையில். ஊசி துணிக்கு மேலே, வலது கையில். ஊசியைச் செங்குத்தாகக் கீழே குத்துகிறோம். அடியில் இருக்கிற இடது கை நூலைக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. இப்போது வலது கை ஊசியை அரைச் சுற்றுச் சுற்றி, நூலோடு மேலே எடுக்கிறது. மேலே ஒரு கண்ணி வந்துவிட்டது. அந்தக் கண்ணியை ஊசியிலேயே வைத்துக்கொண்டு, கோட்டின் மேல் சற்று முன்னால் நகர்ந்து மறுபடி குத்துகிறோம். மறுபடி நூல், மறுபடி அரைச் சுற்று. இரண்டாவது கண்ணி முதல் கண்ணிக்குள் புகுந்து மேலே வரும்போது முதல் கண்ணி துணியோடு படிந்துவிடும். இதுதான் சங்கிலி. இவ்வளவுதான்.

அந்த அரைச் சுற்று எதற்கு? நேராக மேலே இழுத்தால் கொக்கி, நூலோடு சேர்த்துத் துணியின் இழையையும் பிடித்துக்கொள்ளும். பட்டுத் துணியாக இருந்தால் ஓர் இழை அறுந்து கோடு விழுந்துவிடும். அரைச் சுற்றுச் சுற்றி, ஊசியின் முதுகால் துளையை லேசாக அழுத்தித் திறந்துகொண்டு எடுத்தால், கொக்கியின் வாய் துணியில் உரசாமல் வெளியே வரும். கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது துணிக்குள் போனபின் தெரியாது. அதனால் கொக்கியின் நேருக்குக் கைப்பிடியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உதவும். நெயில் பாலிஷ் போதும்.

புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் வலது கையையே பார்க்கிறார்கள். ஊசி அங்கேதான் இருக்கிறது, ஆகவே வேலை அங்கேதான் நடக்கிறது என்ற நினைப்பு. கண்ணி நழுவினால் ஊசியைக் குறை சொல்கிறார்கள், புது ஊசி வாங்குகிறார்கள், நம்பர் மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கிறது. இடது கை நூலைத் தளரவிட்டால் கண்ணி தொளதொளவென்று பெருத்து, கொக்கியைவிட்டு நழுவும். இறுக்கிப் பிடித்தால் கண்ணி மேலே வரவே அடம்பிடிக்கும், வந்தாலும் துணி சுருங்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் வேண்டிய அளவு நூலை மட்டும் விட்டு, உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, நடுவில் துணி மறைக்கிறது. விரல்தான் படிக்க வேண்டும். கைபேசியில் எத்தனையோ ஆரி வீடியோ வருகிறது. எல்லாம் மேலிருந்து எடுத்தவை. நகப்பூச்சும் மோதிரமுமாக வலது கை அழகாகத் தெரியும். அடியில் நடப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு, காதுள்ள ஊசியால் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். ஊசியை மேலே எடுத்து, நூலைக் கட்டைவிரலால் வளையமாக அழுத்திக்கொண்டு, வந்த துளையிலேயே திரும்பக் குத்தி, வளையத்துக்குள் முன்னால் எடுத்தால் அதே சங்கிலி. மேலே பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது கஷ்டம். சீனாவில் ஹூபேய் மாகாணத்தில் மாஷான் என்ற இடத்தில் 1982இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 4–3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே பட்டுத் துணிகளில் பறவைகளும் கொடிகளும் சங்கிலித் தையலில் அப்படியே இருந்தன. அதனால் தையல் மிகப் பழையது. கொக்கி பின்னால் வந்தது.

கொக்கி வந்த காரணத்தைப் பாருங்கள். காதுள்ள ஊசியில் கோர்த்த நூல் முழுவதும் ஒவ்வொரு தையலுக்கும் துணிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கும். சாதாரண நூலே பிசிறு தட்டிவிடும் என்றால் ஜரிகை என்ன ஆகும்? நூலின் மேல் உலோகப் பட்டை சுற்றியதுதான் ஜரிகை. நாலு தடவை உரசினால் பட்டை கழன்று உள்ளே இருக்கிற நூல் எட்டிப் பார்க்கும். ஆரியில் இந்தத் தொல்லை கிடையாது. நூல் கண்டிலிருந்து நேராக வருகிறது, ஒரு கண்ணிக்கு வேண்டியது மட்டும் மேலே போகிறது, மீதி எங்கும் உரசுவதில்லை. நறுக்கிக் கோர்க்கிற வேலையும் இல்லாததால் கை நிற்காமல் ஓடும். வேகத்துக்கு இதுவே காரணம். காசுக்குத் தைக்கிறவர்களுக்கு வேகம்தான் சோறு.

இந்தக் கொக்கி ஊசி எங்கிருந்து வந்தது? குஜராத்தில், கட்ச் பகுதியில் மோச்சி என்றொரு சமூகம். தோல் வேலை செய்பவர்கள். செருப்பு, சேணம், தோல் பை தைப்பவர்கள். தோலில் சாதாரண ஊசி இறங்காது. அதனால் கொக்கி வைத்த குத்தூசியால் தோலைத் துளைத்து, அடியில் பிடித்த நூலை மேலே எடுப்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குஜராத்தைப் பற்றி எழுதும்போது, சிவப்பும் நீலமுமான தோல் விரிப்புகளில் பொன், வெள்ளிக் கம்பியால் பறவைகளும் விலங்குகளும் தைத்திருப்பதை வியந்து சொல்கிறார். தோலில் செய்த அந்த வேலையைப் பிறகு பட்டுத் துணிக்கு மாற்றினார்கள். ஊசி மெல்லிசானது, கொக்கி நுணுக்கமானது, அசைவு மட்டும் மாறவில்லை. கட்ச் பகுதியின் புஜ் அரண்மனைக்காக மோச்சிகள் சாட்டின் துணியில் போட்ட மயிலும் கிளியும் பூங்கொத்தும் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

நீங்கள் கட்ச் வரைக்கும் போக வேண்டாம். பேருந்து நிலையத்தில் குடைக்குக் கீழே செருப்புத் தைக்க உட்கார்ந்திருக்கிறவரிடம் அறுந்த வாரைக் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பாருங்கள். ஊசியைக் குத்துகிறார், அடியில் இடது கை நூலை மாட்டுகிறது, சுற்றி மேலே எடுக்கிறார், கண்ணி வருகிறது. நாம் வகுப்பில் ஃபீஸ் கட்டிப் படித்த அதே அசைவு. ஒரே ஒரு வித்தியாசம். நாம் அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணியை விடுகிறோம். அவர் நூலின் மறுமுனையைக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்குகிறார். அதனால் அவர் தையல் பிரியாது. நம்முடையது பிரியும். உறுதி என்று பார்த்தால் நம் தையலைவிட அவர் தையல் ஒரு படி மேல்.

"நல்ல காரியம் நடக்கிற வீட்டில் செருப்பைப் பற்றிப் பேசாதே" என்பார்கள் பெரியவர்கள். ஆனால் முகூர்த்த நேரத்தில் பெண்ணின் தோளில் மின்னுகிற அத்தனையும் செருப்புத் தைத்த கையிலிருந்து வந்த வித்தை. ஆரி பற்றி வருகிற விளம்பரங்களில் "மொகலாய அரசவைக் கலை" என்று பெருமையாகப் போடுகிறார்கள். அரசவைக்குப் போனது உண்மை. அங்கே பிறக்கவில்லை. போன இடத்தைச் சொல்லி, புறப்பட்ட இடத்தை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளை நீங்கள் ஆசிரியர்களாகி ஆரியின் வரலாறு என்று கரும்பலகையில் எழுதும்போது முதல் வரியில் அந்தத் தோல் தொழிலாளியை எழுதுங்கள்.

குஜராத்தின் சங்கிலித் தையல் துணிகளை ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பலேற்றின. 1700ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்துச் சீமான் வீடுகளின் கட்டில் திரைகளுக்காகக் குஜராத்தில் தைத்தவற்றை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். துணி போன பாதையில் ஊசியும் போனது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுச் சீமாட்டிகளுக்கு அது பொழுதுபோக்கு. மன்னர் பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய பம்படோர் சீமாட்டியை துருவே என்ற ஓவியர் எம்பிராய்டரி சட்டத்தின் முன்னால் உட்கார வைத்து வரைந்தார். 1763இல் முகத்தை வரைந்து, மீதி ஓவியத்தை முடித்தபோது 1764. அதற்குள் அந்த அம்மாள் இறந்துபோயிருந்தார். பிரமாதமான பூப்போட்ட கவுன், பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. புஜ் தெருவில் தோல் தைத்தவருக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். 1770இல் சேன் ஓபேன் என்ற அரசவை வடிவமைப்பாளர் எம்பிராய்டரி பற்றி எழுதிய நூலில் இந்தக் கொக்கி வேலைக்கும் இடம் கொடுத்தார்.

பிறகு 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லூனேவில் நகரத்தில் ஒரு திருப்பம். அங்கே மணிகளை முன்கூட்டியே நூலில் கோர்த்து அடியில் வைத்துக்கொண்டு, துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தைக்க ஆரம்பித்தார்கள். அதாவது அழகான பக்கம் தரையைப் பார்க்கும், தைப்பவர் பார்ப்பது பின்பக்கத்தை. மணி எப்படி உட்காருகிறது என்பது இடது கை விரலுக்குத்தான் தெரியும். பாரிஸ் ஆடை நிறுவனங்களின் மணி வேலை இன்றும் இந்த முறையில் நடக்கிறது. நாம் மேல்பக்கம் பார்த்து மணி தைக்கிறோம், அவர்கள் கீழ்ப்பக்கம் வைத்துத் தைக்கிறார்கள். 1993இல் ழான் பிரான்சுவா லெசாஜ் சென்னையில் வஸ்திரகலா என்ற எம்பிராய்டரிக் கூடத்தைத் தொடங்கினார். பாரிசின் பேர்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். குஜராத்திலிருந்து போன கொக்கி இப்படியும் ஒரு சுற்றுச் சுற்றியது.

இன்னொரு சுற்றும் உண்டு, அது தையல் மிஷின். பிரான்சில் பார்த்தெலமி திமோனியே என்றொரு ஏழைத் தையற்காரர், தன் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுவதைப் பார்த்து, அந்த அசைவை மரத்தால் ஆன ஒரு பொறிக்குக் கற்பித்தார். கொக்கி மேலே, நூல் கீழே, அதே கதை. 1830இல் காப்புரிமை வாங்கினார். பாரிசில் 80 பொறிகளை வைத்து ராணுவச் சீருடை தைக்கும் கூடம் நடந்தது. பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் கும்பலாகப் புகுந்து பொறிகளை அடித்து நொறுக்கினார்கள். 1857இல் அவர் ஏழையாகவே இறந்தார். அமெரிக்காவின் எலியஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற மிஷின் இரண்டு நூலைப் பூட்டித் தைத்தது. நம் வீட்டு மிஷின் அந்த வழி வந்தது. ஆக, ஒரு நூல் சங்கிலியின் பலவீனத்தை ஈடுகட்ட, செருப்புத் தைப்பவர் கையால் செய்த பூட்டை மிஷினும் செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் பலவீனம் என்ன? அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் அவிழும். தவறான முனையை இழுத்தால் கத்திரிக்கோல் தேட வேண்டியதுதான். அது மிஷினில் போட்ட சங்கிலித் தையல். அவிழ வேண்டும் என்பதற்காகவே மூட்டைக்கு அதைப் போடுகிறார்கள். நம் ஜாக்கெட்டில் இருப்பதும் அதே தையல். ஆரம்ப முனையை இழுத்தால் ஒன்றும் ஆகாது, முடிந்த முனையை இழுத்தால் கண்ணி கண்ணியாகக் கழன்று வரும். "ஒரு மணிதான் விழுந்தது மேடம், வரிசையே போச்சு" என்று ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது கடைசி முடிச்சை. ஒவ்வொரு வரிசை முடியும்போதும் கண்ணியைப் பெரிதாக இழுத்து, பக்கத்தில் ஒரு சின்னத் தையலைப் பின்னோக்கிப் போட்டுப் பூட்டி, நூலைக் கீழே கொண்டுபோய் முடிய வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். சிலர் முடிச்சுக்குப் பதிலாகப் பசையை வைத்துவிடுகிறார்கள். பசை காய்ந்து நொறுங்குகிறவரை தாங்கும்.

தைத்து முடித்த துணியை டெய்லர் வெட்டுவதும் கவனிக்க வேண்டிய இடம். வெட்டாத ஜாக்கெட் பிட்டில்தான் கழுத்தளவு, கையளவு வரைந்து ஆரி போடுகிறோம். பட்டர் பேப்பரில் படத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். அப்போதே தையலுக்கான ஓரத்தை விட்டுக் கோடு போட்டுவிட வேண்டும். கத்தரி சங்கிலியின் மேல் ஏறினால் முடிந்தது கதை. ஆரி போடுகிறவரும் டெய்லரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி. நடுவில் வாடிக்கையாளர் தபால்காரர் வேலை பார்க்கிறார்.

பழகுவதற்குப் பட்டுத்துணி வேண்டாம். கெட்டியான பருத்தித் துணி, பருத்தி நூல். சில்க் த்ரெட் என்று கடையில் விற்பது பெரும்பாலும் செயற்கை இழைதான். அது வழுக்கும், ஆரம்பத்தில் கைக்கு அடங்காது. நேர்க்கோடு ஓரளவு வந்தவுடன் வளைவுக்குப் போங்கள். வளைவில் கண்ணியைச் சிறிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலை மூலையாக உடையும். முனை திரும்புகிற இடத்தில் ஒரு சின்னத் தையலைப் போட்டுப் பூட்டிக்கொண்டு திசை மாற்றுங்கள். இலையின் நுனி கூர்மையாக வருவது இந்த ஒரு தையலால்தான். ஃபில்லிங் போடும்போது ஓரத்திலிருந்து உள்நோக்கி வாருங்கள். எந்தத் திசையில் வரிசை ஓடுகிறதோ அந்தத் திசையில் ஒளி விழும். ஒரே பச்சை நூலில் இலையின் இரண்டு பாதியையும் இரண்டு திசையில் நிரப்பினால் இரண்டு பச்சையாகத் தெரியும். கல்லும் குந்தனும் ஒட்டி வாங்குகிற மினுமினுப்பைவிட எனக்குப் பிடித்தது இதுதான். அதற்குக் காசு கொடுக்கத்தான் ஆள் இல்லை. கூலி பேசும்போது வாடிக்கையாளர் கல்லை எண்ணுகிறார், மணியை எண்ணுகிறார். சங்கிலியை எண்ண முடியாது, அதனால் அது கணக்கில் வருவதில்லை. ஜாக்கெட் வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: லைனிங் வைத்துத் தைப்பதற்கு முன்னால் ஒருமுறை துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலை என்றால் அங்கே சீரான ஒற்றைக்கோடு ஓடும். நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கினாலோ பசைக் கறை தெரிந்தாலோ கூலியைப் பற்றி அப்போது பேசலாம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. குனிந்தே இருக்கிற வேலை. ஸ்டாண்டின் உயரத்தை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யாமல் ஊசியைத் தொடாதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும், கையின் நிழல் கோட்டின் மேல் விழக் கூடாது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், வலது கைக்கு மாறச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினால் கேட்காதீர்கள். இந்த வேலையில் இரண்டு கைக்கும் சரிபாதி வேலை இருக்கிறது.

இனிப் பேச்சு போதும். அந்தப் பக்கம் ஸ்டாண்டுகளில் காடா துணி கட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் மேலே ஊசியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் கையைத் துணிக்கு அடியில் விட்டு நூலை மட்டும் கொடுக்கட்டும். பத்துக் கண்ணி வந்தபின் இடம் மாறிக்கொள்ளலாம். ஏற்கனவே ஆரி தெரிந்தவர்கள் நூல் பக்கம் உட்காருங்கள்.